கிம்பல் என்ற வெகுளி பிறந்த கதை

அறுத்துச் சுத்தம் செய்த இரண்டு வாத்துகள் கத்தின. வார்சா நகரத்தின் குரோக்மால்னா தெருவில், 10-ஆம் எண் கட்டடத்தில் குடியிருந்த யூத மதகுரு ராபி பின்காஸ் மெனாகெம் சிங்கரிடம் அவற்றைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார் ஓர் அம்மாள். முதல் உலகப் போருக்கு முந்திய காலம். ஏழை யூதர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அந்தத் தெருவுக்கு ராபியின் வீட்டுக் கூடம்தான் கோர்ட்டு. விவாகரத்து, கடன் தகராறு, இந்தக் கோழி சாப்பிடத் தகுமா தீட்டா என்பதுவரை எல்லா வழக்கும் அங்கேதான் வரும். செத்த பிறகும் கத்துகிற வாத்து என்று ஒரு வழக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. அந்த அம்மாள் ஒரு வாத்தைத் தூக்கி மற்றதன்மேல் போட்டார். கூடமே அதிரும்படி ஓர் ஓலம் எழுந்தது. ராபியின் முகம் வெளுத்துப் போனது.

சமையலறையிலிருந்து ராபியின் மனைவி பத்ஷேபா வந்தார். பில்கோராய் ஊர்ப் பெரிய ராபியின் மகள், படித்தவர், எதையும் எடைபோட்டுப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளாதவர். குடலை எடுத்தபோது மூச்சுக்குழாயையும் எடுத்தாயா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எடுக்கவில்லை. வாத்தின் கழுத்துக்குள் விரலை விட்டு, பலம்கொண்ட மட்டும் இழுத்து, மெல்லிய ஒரு குழாயை வெளியே எடுத்தார். இரண்டாவது வாத்துக்கும் அப்படியே. ஒன்றன்மேல் ஒன்று விழும்போது உள்ளே சிக்கிய காற்று அந்தக் குழாய் வழியாக வந்ததுதான் ஓலம். மறுபடி தூக்கிப் போட்டார்கள். சத்தம் இல்லை. வழக்கு முடிந்தது. ஆனால் ஓரமாக நின்று அப்பாவின் முகத்தையும் அம்மாவின் விரல்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த சிறுவன் ஐசக்குக்கு அது முடியவே இல்லை.

அம்மா சொன்னது சரி. அதில் அவனுக்குச் சந்தேகமில்லை. அப்படியானால் அப்பா ஏமாளியா? உலகத்தின் கணக்கில் அவர் ஏமாளிதான். அப்போது போலந்தின் அந்தப் பகுதி ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. அரசு அங்கீகாரம் பெற்ற ராபியாக வேண்டுமானால் ரஷ்ய மொழியில் தேர்வு எழுத வேண்டும். அவர் மாட்டேன் என்றுவிட்டார். அதனால் சம்பளமும் இல்லை. ராட்சிமின் என்ற ஊரில் வேதபாடசாலை ஒன்றில் கற்பித்தபோதும் கூலி ஒழுங்காக வரவில்லை. வார்சாவுக்கு வந்த பிறகு, வழக்கு தீர்த்துவைத்தால் கொடுக்கிற சில்லறையில்தான் ஆறு வயிறுகள் நிறைய வேண்டும். இத்தனைக்கும் நடுவில் கடவுள்மேல் அவர் வைத்த நம்பிக்கையில் ஒரு கீறல்கூட விழவில்லை. அப்படிப்பட்டவரை அசடு என்பதா, பெரியவர் என்பதா?

அந்தக் கேள்விக்குள் இன்னொருவரும் வந்து சேர்ந்தார். வீட்டுத் துணி வெளுக்க வருகிற கிழவி. யூதரல்ல, கிறிஸ்தவர். எண்பது வயதை நெருங்கிய, வற்றலாய்ப் போன உடம்பு. ஊருக்கு வெளியே எங்கோ இருந்து நடந்தே வந்து, தன்னைவிடப் பெரிய மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போவார். வசதியான மகன் இருந்தான், ஆனால் அம்மாவைப் பார்க்க வர மாட்டான். ஒரு கடுங்குளிர்காலத்தில் மூட்டையோடு போன கிழவி திரும்பவில்லை. வாரக்கணக்காயிற்று. ராபி வீட்டில் மாற்றுத்துணிக்கே தட்டுப்பாடு. கிழவி இறந்திருப்பார், துணியும் போயிற்று என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

ஒரு மாலை கதவு திறந்தது. விளக்கு வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது மூட்டை. அதற்கு அடியில் கிழவி. சாகக் கிடந்ததாகவும், வெளுக்காத துணி வீட்டில் கிடக்கிறதே என்ற நினைப்பு சாகவிடாமல் எழுப்பிவிட்டதாகவும் சொன்னார். துணிகள் வெளுத்து, மடித்து, கணக்குக் குறையாமல் இருந்தன. அதன் பிறகு அவர் வரவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். பல ஆண்டுகள் கழித்து நினைவுக் குறிப்புகள் எழுத உட்கார்ந்தபோது, ஐசக் சிங்கரால் அந்தக் கிழவியைத் தாண்டிப் போக முடியவில்லை. ஆனால் அந்தப் பையன் எழுத்தாளன் ஆவான் என்று வீட்டில் அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை. எழுத்தாளர் என்ற பெயர் ஏற்கெனவே அண்ணனுக்குப் போயிருந்தது.

அண்ணன் இஸ்ரேல் ஜோஷுவா, தம்பியைவிட ஏறக்குறைய பத்து வயது மூத்தவர். மத ஆடையைக் கழற்றிவிட்டு ஓவியம், அரசியல், இலக்கியம் என்று கிளம்பியவர். 1917-இல் போர்ப் பஞ்சம் தாங்காமல் அம்மா ஐசக்கையும் கடைசித் தம்பி மோஷேயையும் கூட்டிக்கொண்டு பில்கோராய்க்குப் போனார். பழைய காலம் அப்படியே உறைந்து நின்ற ஊர். பேய், பில்லி சூனியம், மடாதிபதிகளின் அற்புதங்கள் எல்லாம் அங்கே அன்றாடப் பேச்சு. பக்கத்திலேயே இன்னொரு சின்ன ஊர், பெயர் பிராம்போல். அந்தப் பெயரை ஐசக் மனசின் ஒரு மூலையில் போட்டுவைத்தார். கால் நூற்றாண்டு அது அங்கேயே கிடந்தது.

1920-களின் முற்பகுதியில் அண்ணன் சிபாரிசில் வார்சாவின் யித்திஷ் இலக்கியப் பத்திரிகை ஒன்றில் பிழை திருத்துகிற வேலை கிடைத்தது. யித்திஷ் என்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டுமொழி. எழுத்து எபிரேயம், பேச்சின் அடித்தளம் ஜெர்மானியம், உள்ளே ஸ்லாவிய மொழிகளின் மசாலா. போருக்கு முன் ஒரு கோடிக்கும் அதிகமானோர் பேசினார்கள். அந்த மொழியில் கதை எழுதத் தொடங்கியபோது, அண்ணனின் பெயரோடு குழம்பாமல் இருக்க அம்மாவின் பெயரை எடுத்துக்கொண்டார் தம்பி. பத்ஷேபாவின் பிள்ளை என்ற பொருளில் பாஷேவிஸ். வாத்தின் மூச்சுக்குழாயை உருவிய அம்மாவின் பெயரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு, அப்பா நம்பிய பேய்களையும் தேவதைகளையும் எழுதினார்!

1935-இல், ஹிட்லரின் நிழல் போலந்தின்மேல் விழுந்துகொண்டிருந்தபோது, முன்பே நியூயார்க் போய்விட்ட அண்ணன் தம்பிக்கும் வழி செய்தார். ஐசக் கப்பல் ஏறினார். ஒன்றாக வாழ்ந்த பெண்ணையும் ஐந்து வயது மகனையும் விட்டுவிட்டுத்தான் ஏறினார். அந்த மகனை மறுபடி பார்க்க இருபது ஆண்டுகள் ஆயின. நன்மையைப் பற்றி இவ்வளவு எழுதிய ஒருவர் செய்த இந்தக் காரியத்தை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்வது சரியாகாது. போய்ச் சேர்ந்த இடத்தில் அவருக்குக் காத்திருந்தது வெற்றி அல்ல. பேனாவே எழவில்லை.

நியூயார்க்கின் யித்திஷ் நாளிதழான ஃபார்வெர்ட்ஸில் துண்டு துக்கடா எழுதிப் பிழைத்தார். கதை வரவில்லை. சுரங்க ரயிலுக்கும் வாடகை அறைக்கும் காப்பிக் கடைக்கும் தன் மொழியில் உயிருள்ள சொல் இல்லை என்று தோன்றியது. 1943-இல் அதையே ஒரு கட்டுரையாக எழுதினார். அமெரிக்க வாழ்க்கையைச் சொல்ல யித்திஷால் முடியாது, அதன் வேர் போலந்து மண்ணில்தான் என்பது அவர் வாதம். எழுதிய நேரத்தைப் பார்க்க வேண்டும். அந்த மண்ணில் அப்போது அந்த மொழியைப் பேசியவர்களை ரயில் ரயிலாக ஏற்றிக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

பிராம்போலுக்கு முடிவு முன்பே வந்துவிட்டது. 1939 செப்டம்பர் 13 அன்று ஜெர்மன் விமானங்கள், ராணுவ முக்கியத்துவம் எதுவும் இல்லாத அந்த ஊரின்மேல் குண்டு போட்டன. ஊரின் பெரும்பகுதி ஒரே நாளில் தரைமட்டமானது. மிஞ்சிய யூதர்களை 1942-இல் நாஜிகள் கொன்றார்கள். சோவியத் பக்கம் தப்பிய பத்ஷேபாவும் கடைசி மகன் மோஷேயும் கஜகஸ்தான் மண்ணில் இறந்தார்கள். 1944 பிப்ரவரியில், தகப்பனுக்குத் தகப்பனாய், குருவுக்குக் குருவாய் இருந்த அண்ணன் மாரடைப்பில் போனார், ஐம்பது வயதில். நாற்பதைத் தாண்டிய ஐசக் பாஷேவிஸ் சிங்கரிடம் இப்போது அண்ணன் இல்லை, ஊர் இல்லை, வாசகர்களில் பெரும்பகுதி இல்லை. மிச்சம் இருந்தவை எபிரேய எழுத்துகள் கொண்ட ஒரு தட்டச்சுப் பொறியும், மூலையில் போட்டுவைத்த அந்த ஊர்ப்பெயரும்.

அந்தத் தட்டச்சுப் பொறியிலிருந்துதான் கிம்பல் எழுந்து வந்தான். பிராம்போல் ஊரில் ரொட்டி சுடுகிறவன். அனாதை. ஊரே அவனை ஏமாற்றி விளையாடுகிறது. மெசியா வந்துவிட்டார், உன் அப்பா அம்மா கல்லறையிலிருந்து எழுந்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால், அப்படி எதுவும் நடந்திருக்காது என்று தெரிந்தும் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்ப் பார்க்கிறான். பார்ப்பதால் என்ன நஷ்டம்? ஊர் கூடி அவனுக்குக் கட்டிவைத்த பெண் எல்கா, கல்யாணமாகிப் பதினேழு வாரத்தில் பிள்ளை பெறுகிறாள். குறைப்பிரசவம் என்கிறாள். அவனுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தக் குழந்தையின்மேல் பிரியம் வந்துவிடுகிறது, என்ன செய்வது! இருபது வருஷம் போகிறது. சாகும்போது எல்கா உண்மையைச் சொல்கிறாள். ஒரு பிள்ளைகூட அவனுடையது இல்லை.

துக்க காலம் முடிந்த பிறகு ஓர் இரவு சாத்தான் வருகிறான். ஊர் இத்தனை காலம் உன்னை ஏமாற்றியதே, நீயும் ஊரை ஏமாற்று, மாவில் அசுத்தத்தைக் கலந்து விற்றுவிடு என்று காதில் ஓதுகிறான். கிம்பல் கலந்தும்விடுகிறான். பிறகு கனவில் முகம் கறுத்துப்போன எல்கா வருகிறாள். அவள் யாரை ஏமாற்றினாள்? தன்னைத்தானே. விழித்ததும் கிம்பல் அந்த ரொட்டிகளை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு போய், உறைந்த தரையைத் தோண்டிப் புதைக்கிறான். சேர்த்த பணத்தைத் தன்னுடையவை அல்லாத அந்தப் பிள்ளைகளுக்கே பிரித்துக் கொடுத்துவிட்டு, கதை சொல்லியபடி தேசாந்தரம் போகிறான். என்னைக் கேட்டால், வெளுத்த துணியோடு படியேறி வந்த கிழவியும், வாத்தின் ஓலத்தில் கடவுளைக் கேட்ட அப்பாவும் இந்த ஒரே மனிதனுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பேன். கோடரியும் துப்பாக்கியும் ஜெயித்துக்கொண்டிருந்த வருஷத்தில், அழிந்துபோன ஓர் ஊருக்குள் திரும்பப் போய், அங்கிருந்தவர்களில் மிகவும் ஏமாந்தவனைத் தேடிக் கண்டுபிடித்து அவனைப் பேசவிட்டார் சிங்கர். இதைவிடப் பெரிய அஞ்சலி எனக்குத் தெரியவில்லை.

1945 மார்ச் 30. நியூயார்க்கின் 'யித்திஷர் கெம்ஃபர்' வார இதழில் நான்கு பக்கத்தில் கதை வந்தது. அது பஸ்கா பண்டிகை வாரம். பஸ்கா இரவில் வீட்டுக்கு வீடு நான்கு பிள்ளைகளின் கதையைப் படிப்பார்கள். ஒருவன் அறிவாளி, ஒருவன் பொல்லாதவன், ஒருவனுக்குக் கேட்கவே தெரியாது. மீதியுள்ளவன் 'இது என்ன?' என்று மட்டும் கேட்கிற கள்ளமில்லாதவன். அவனுக்கு எபிரேயத்தில் 'தாம்' என்று பெயர். சிங்கர் தன் கதைக்கு வைத்த தலைப்பும் அதுதான், 'கிம்பல் தாம்'. யித்திஷ் வாசகர்கள் படித்தார்கள், மடித்து வைத்தார்கள். எட்டு ஆண்டுகள் உலகத்துக்கு அந்தக் கதை இருப்பதே தெரியாது.

1950-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் இரண்டு பேர் ஒரு வேலையில் இறங்கினார்கள். ஒருவர் இளம் விமர்சகர் இர்விங் ஹோ. மற்றவர் யித்திஷ் கவிஞர் எலியேசர் கிரீன்பெர்க். யித்திஷ் சிறுகதைகளைத் திரட்டி ஆங்கிலத்தில் ஒரு பெருந்தொகுப்புக் கொண்டுவருவது திட்டம். கிரீன்பெர்க் கதையை வாய்விட்டுப் படிப்பார், ஹோ கேட்பார். அப்படி ஒருநாள் கிரீன்பெர்க் படித்தது 'கிம்பல் தாம்'. ஹோ நிமிர்ந்து உட்கார்ந்தார். இதை மொழிபெயர்க்கச் சாதாரண ஆள் போதாது என்று அவருக்குப் பட்டது. கனடாவில் பிறந்து, வீட்டில் யித்திஷ் பேசி வளர்ந்து, ஆங்கிலத்தில் பேரெடுத்துக்கொண்டிருந்த நாவலாசிரியர் ஒருவர் இருந்தார். பெயர் சால் பெல்லோ. அவரோ 'ஆகி மார்ச்' என்ற பெரிய நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நேரமில்லை என்றார்.

ஹோ விடவில்லை. கடைசியில் பெல்லோ ஒருநாள் வந்தார். கிழக்கு 19-ஆம் தெருவில் கிரீன்பெர்க்கின் வீடு. தட்டச்சுப் பொறியின் முன் பெல்லோ உட்கார்ந்தார். கிரீன்பெர்க் கதையைக் கையில் எடுத்து யித்திஷில் ஒரு வாக்கியம் படித்தார். பெல்லோ அதை ஆங்கிலத்தில் தட்டினார். அடுத்த வாக்கியம். எப்போதாவது நிறுத்தி, இந்தச் சொல்லின் நுட்பம் என்ன என்று கேட்டார். மறுபடி விரல்கள் ஓடின. ஹோ பக்கத்தில் மெய்ம்மறந்து உட்கார்ந்திருந்தார். மூன்று, நான்கு மணி நேரத்தில் கதை முடிந்தது. அந்த அறையில் இல்லாத ஒரே ஆள் கதையை எழுதியவர்.

வாய்வழியாக வந்ததால் ஒரு விபத்தும் நடந்தது. கிறிஸ்தவ நம்பிக்கையைத் தொட்டுச் செல்லும் ஓர் இடம் மூலத்தில் உண்டு. அமெரிக்க வாசகர் மனம் புண்படுமோ என்று கிரீன்பெர்க் அதைப் படிக்காமல் தாண்டிவிட்டார். பெல்லோவின் காதுக்கே அது போகவில்லை. 1953-இல் 'பார்ட்டிசன் ரிவ்யூ' இதழில் கதை அந்த இடம் இல்லாமலேயே வந்தது. வந்த வேகத்தில் ஆங்கில இலக்கிய உலகம் யார் இந்தச் சிங்கர் என்று தேடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஹோ, கிரீன்பெர்க் தொகுப்பு வெளியானது. 1957-இல் கிம்பலின் பெயரிலேயே சிங்கரின் முதல் ஆங்கிலச் சிறுகதைத் தொகுப்பு. அவர் எழுதிய மொழியில் அதே பெயரில் புத்தகம் வரக் கூடுதலாக ஆறு ஆண்டுகள் ஆயின. பெல்லோ அதன் பிறகு சிங்கரின் வேறெந்தக் கதையையும் மொழிபெயர்க்கவில்லை.

இன்று உலகச் சிறுகதைத் தொகுப்புகள் பலவற்றில் இருக்கிற, கல்லூரிகளில் பாடமாக இருக்கிற 'கிம்பல் தி ஃபூல்' இப்படி ஒரு மதியத்தில் பிறந்ததுதான். தட்டச்சு செய்தவருக்கு 1976-இல் நோபல் பரிசு கிடைத்தது. எழுதியவருக்கு 1978-இல். ஸ்டாக்ஹோம் மேடையில் ஏறிய சிங்கர், சபையில் பெரும்பாலோருக்குப் புரியாது என்று தெரிந்தே, தன் உரையை யித்திஷில் தொடங்கினார்.

ஆனால் பெல்லோ தட்டிய தலைப்பில் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. 'ஃபூல்' என்றால் முட்டாள். 'தாம்' முட்டாள் இல்லை. பைபிளின் பழைய ஏற்பாட்டில் யாக்கோபுக்கும் யோபுக்கும் சொல்லப்படுகிற அடைமொழி அதே சொல்தான். அங்கே அதற்குக் குற்றமில்லாதவன், முழுமையானவன் என்று பொருள். தமிழுக்கு இந்த விஷயத்தில் கஷ்டமில்லை. அசடு வேறு, ஏமாளி வேறு, அப்பாவி வேறு, வெகுளி வேறு. கள்ளம் தெரியாதவனை வெகுளி என்று நாம் சொல்லும்போது அதில் கொஞ்சம் சிரிப்பு இருக்கும், கூடவே கொஞ்சம் மரியாதையும் இருக்கும். கிம்பலுக்கு அந்தச் சொல் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. ஆங்கிலத்தில் அவன் எழுபது ஆண்டுகள் முட்டாளாகவே திரிந்தான்.

1991-இல் சிங்கர் இறந்தார். அவருடைய தாள்களுக்கு நடுவே, இந்தக் கதையை அவரே ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்து முடிக்காமல் விட்ட ஒரு வரைவு இருந்தது. ஆய்வாளர் டேவிட் ஸ்ட்ராம்பெர்க் அதை எடுத்து, விட்ட இடத்திலிருந்து முடித்து, யித்திஷ் மூலத்தோடு சேர்த்து நூலாக வெளியிட்டார். சிங்கர் தன் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் வைத்திருந்த பெயர் 'சிம்பிள் கிம்பல்'.